‘நான்’ போட்டுச் சொல்ல வேண்டும்

‘சூனியக்காரி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் திண்டாடினேன். அதைப் போடுவதா, வேண்டாமா? போடாவிட்டால் வேறு எதைப் போடுவது? மாயக்காரி என்றால் ஆளை மயக்குகிறவள் என்றாகிவிடுகிறது. மந்திரக்காரி என்றால் சின்னப் பிள்ளைகள் கதை மாதிரி இருக்கிறது. சூனியக்காரி என்பதோ எங்கள் பக்கத்தில் கதைச் சொல்லே கிடையாது, வசவு. குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், ஒரு வாரத்தில் ஆறிப்போகும். இந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும்.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு விளையாட்டு. சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்தபோது எங்கள் அலுவலகத்தில் ஐந்தாறு பேர் சனிக்கிழமை மதியம் கூடி அதை விளையாடுவார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிவிடுவார்கள். “காட்டுக்குள் ஒரு குடிசை தெரிகிறது, என்ன செய்கிறாய்?” என்று நடத்துகிறவர் கேட்பார். செய்வதை வாயால் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். கூம்புத் தொப்பி போட்ட கிழவிகள் விளக்குமாற்றில் ஏறிப் பறப்பார்கள். எனக்கு அது கடைசிவரை ஒட்டவே இல்லை. எங்கள் வீட்டில் விளக்குமாற்றை நட்டுக்குத்தலாக நிறுத்தினாலே அம்மா சத்தம் போடுவாள்.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கே வந்துவிட்டேன். இங்கே ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிற வேலை. ஆறு மாதம் மணமகன், மணமகள், தாய்மாமன் பட்டியல் என்று அடித்து அடித்து வெறுத்துப்போனபோதுதான் அந்தப் புத்தி வந்தது. அதே விளையாட்டைத் தமிழில், நம் ஊர் மலையடிவாரத்தில் நடப்பது போல நாமே செய்தால் என்ன? பத்திரிகைக்கு வாங்கியதில் வெட்டியது போக மிஞ்சிய தடித்த அட்டைகள் ஒரு மூட்டை கிடந்தன. அவற்றில்தான் என் பேய்களையும் சூனியக்காரிகளையும் அச்சடித்தேன். சில அட்டைகளின் பின்பக்கத்தில் பிள்ளையார் இருந்தார்.

விளையாடிப் பார்க்க ஆள் வேண்டுமே. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கல்லூரித் தோழி இருந்தாள். கணவர் துபாயில். மாமியாரும் அவளும் மட்டும் இருக்கிற வீட்டின் மாடியில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அவளாகப் பேசினால் ஒழிய நான் கேட்பதில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியை வத்திராயிருப்பிலிருந்து பஸ் பிடித்து வருவார். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானம் சூனியக்காரியாக வருகிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆக மூன்று பேர்.

விளையாட்டின் உயிரான விதியைக் கொடுத்தது அந்த ஆசிரியைதான். ஒருநாள் நான் ‘செய்வினை’ என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டு அட்டை கொண்டுபோயிருந்தேன். பில்லி, ஏவல், தகடு, மை எல்லாம் அதில் இருந்தன. அவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, “அப்போ செயப்பாட்டுவினை அட்டை எங்க?” என்று கேட்டார்.

எனக்கு ஒரு நிமிடம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் செய்வினை என்றால் இலக்கணம். அவள் கிணற்றைக் கெடுத்தாள் என்பது செய்வினை, கிணறு அவளால் கெடுக்கப்பட்டது என்பது செயப்பாட்டுவினை. வெளியே வந்தால் அதே சொல்லுக்கு மக்கள் வாசலில் பூசணிக்காய் கட்டுகிறார்கள்.

சிரித்து முடித்த பிறகு எனக்குப் பொறி தட்டியது. எங்கள் விளையாட்டில் யார் எதைச் சொன்னாலும் ‘நான்’ போட்டுச் சொல்ல வேண்டும். “நான் கிணற்றைக் கெடுத்தேன்” என்றால் அது செய்வினை. பகடை ஒத்துழைத்தால் மந்திரம் பலிக்கும், ஆனால் பழி எப்படியும் உன் தலையில் ஏறும். “கிணறு கெட்டுப்போச்சு” என்று நழுவினால் பழி இல்லை, மந்திரமும் இல்லை. அடுத்து உட்கார்ந்திருப்பவர் “எதுக்காக?” என்று கேட்பார், அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். எழுதி முடித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சென்னைக்காரர்களிடம்கூட இப்படி ஒரு விதி இல்லை. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விதி என்று ஒன்றை எழுதிவிட்டால் காவல்காரி மாதிரி பக்கத்திலேயே நிற்பேன். யார் மீறினாலும் விடமாட்டேன்.

பழியை எண்ணுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. புளியங்கொட்டை வைத்தோம், மெஷினுக்கடியில் உருண்டு ஓடியது. பொத்தான் வைத்தோம், வாடிக்கையாளர் ஜாக்கெட் பொத்தானோடு கலந்துவிட்டது. தோழியின் கையருகே எப்போதும் குண்டூசி டப்பா இருக்கும். நான் வீட்டிலிருந்து நாலைந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்தேன். ஆளுக்கொரு பழம், ஒரு பழிக்கு ஒரு குண்டூசி. பார்க்கவும் நன்றாக இருந்தது, கதைக்கும் பொருத்தமாக இருந்தது. மூன்று படித்த பெண்கள், அதில் ஒருவர் அரசாங்கப் பள்ளி ஆசிரியை. ஒருத்தருக்காவது அது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. நாங்கள் அம்புட்டுக் கவனமாக விளையாடிக்கொண்டிருந்தோம்.

புரட்டாசி மாதம். சனிக்கிழமையன்று, ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்றில் இருக்கிற பெருமாளைச் சேவிக்கத் தோழியின் மாமியார் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு போவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை விடிகாலையில் பழம் ஒன்று குறைந்திருக்கிறது. முந்தின வாரம் நான் பழத்தோடு மாடிக்குப் போனதை அவர் பார்த்திருந்தார். மருமகள் குளித்துக்கொண்டிருந்ததால் அவரே மாடியேறித் தேடியிருக்கிறார். தையல் மெஷினின் பாபின் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. காய்ந்து சுருங்கி, பதினோரு குண்டூசியோடு.

தோழி போனில் இதைச் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“அத்தை ஒண்ணுமே கேக்கலட்டி. சத்தம்கூடப் போடல. கோயிலுக்குப் போயிட்டு வந்தாவ. வந்ததுல இருந்து என் கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேங்காவ. கடையில இட்லி வாங்கித் திங்காவ. ஆறு மாசமா வயித்து வலின்னு மாத்திரை எடுத்துட்டிருந்தாவல்ல, அதுக்கும் நாந்தான் காரணம்னு அவியளுக்கு உறுதியாயிருச்சு.”

மாமியாருக்குச் சர்க்கரையும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார். அவர் துபாய்க்குப் போன் போட்டு மகனிடம், ஒன்று அவள் இந்த வீட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சோழபுரத்திலிருக்கும் மகள் வந்து அம்மாவின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். அந்தப் பை கூடத்திலேயே இருந்தது. மாமியார் வெளியேறினால் காரணம் தெருவுக்குத் தெரியும். ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லாத மருமகள், ஊசி குத்திய எலுமிச்சம்பழம். அப்புறம் அந்தத் தெருவில் அவளிடம் யார் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள்? அந்த ஊரில் அவள் எப்படி இருப்பாள்?

பழம் கொண்டுபோனது நான். ஊசி குத்தச் சொன்னதும் நான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டத்தில் தொங்கிக்கொண்டே போய் இறங்கினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

“அத்தை, அது வெறும் வெளையாட்டு” என்று ஆரம்பித்தேன்.

“வெளையாட்டுன்னா ஆரு ஜெயிச்சா?”

“இதுல யாரும் ஜெயிக்க மாட்டாங்க அத்தை.”

“தோத்தது ஆரு?”

“தோக்கவும் மாட்டாங்க. நாங்க ஆளுக்கொரு…” அந்த இடத்தில் என் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது. “ஆளுக்கொரு சூனியக்காரியா மாறிருவோம்.”

தோழி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆசிரியை குறுக்கே புகுந்து, செய்வினை என்பது ஏழாம் வகுப்பு இலக்கணம்தான் என்று விளக்கப் போக, குட்டை இன்னும் குழம்பியது. பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று மாமியார் கேட்டார். நான் விதிப் புத்தகத்தைக் காட்டினேன். அட்டைகளைக் காட்டினேன். ஒன்றில் பிள்ளையார் இருப்பதையும் காட்டினேன். பிள்ளையாருக்குப் பின்பக்கம் மண்டையோடு இருந்தது.

அவர் அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எங்க, என் கண்ணு முன்னால ஆடிக் காட்டுங்க. நானும் ஒரு ஆளா உக்காருதேன். வெளையாட்டுதானான்னு பாத்துருவோம்” என்றார்.

மாடியில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழம் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். மறுபடியும் பொத்தானையே வைத்தோம். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், ஊர்க்கிணறு திடீரென்று கசந்துவிட்டது, காரணம் தெரியவில்லை, ஊரில் ஒவ்வொருத்திக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது என்று கதையைத் தொடங்கினேன். ஆசிரியை “நான்தான் கிணற்றில் வேரைப் போட்டேன்” என்றார், ஒரு பொத்தான் வாங்கிக்கொண்டார். தோழி பயந்து பயந்து, கோழி காணாமல் போச்சு என்று நழுவினாள். மாமியார் தன் முறையை விட்டுக்கொடுத்து மூன்று சுற்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆசிரியையின் வேர் பலிக்காமல் போனபோது மாமியார் சிரித்துக்கூட விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுபடி அவர் முறை வந்தது. பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே சொன்னார்.

“அந்த ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஒரு மருமக வந்தா. அத்தக்காரிக்கு அவள ஆகல. மலையோரத்துல ஒருத்தன் இருந்தான், அவன்ட்ட போயி ஒரு தகடு எழுதி வாங்கிட்டு வந்து நெலப்படிகிட்ட பொதச்சிட்டா.”

அருமையாக இருந்தது. எங்கள் மூன்று மாதக் கதையில் இவ்வளவு ஜோராக யாரும் சொன்னதில்லை. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. என் கெட்ட குணமும் கூடவே எழுந்துகொண்டது.

“அத்தை, அப்படிச் சொன்னாச் செல்லாது. ‘நான்’ போட்டுச் சொல்லணும்.”

“நானா?”

“ஆமா, அந்த அத்தக்காரி நீங்கதான? ‘நான் போனேன், நான் பொதச்சேன்’னு சொல்லணும். அப்பத்தான் பலிக்கும்.”

அவர் குலுக்குவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“நான் போனேன். நான் தகடு வாங்குனேன். நாந்தான் பொதச்சேன்.”

பகடையை உருட்டினார். ஆறு விழுந்தது. ஆசிரியை கைதட்டினார். நானும் தட்டினேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

அடுத்து உட்கார்ந்திருந்தவள் தோழி. விதிப்படி அவள்தான் கேட்க வேண்டும். அவள் பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முழங்கையை இடித்து, கேளு என்றேன்.

“எதுக்காக?” என்றாள்.

“அவ வயித்துல பிள்ள தங்கிட்டா மகன் அவ பக்கம் சாஞ்சிருவான்னு.”

தெருவில் ஒரு தண்ணீர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தோழி விதியில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். “எத்தன வருசம் இருக்கும் அத்தை?”

“அது கதைக்கு எதுக்குட்டி?” என்று சொல்லிவிட்டு மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “பசிக்கி. என்ன ஆக்கி வச்சிருக்க?”

கீழே போய் மருமகள் கையால் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். ரசத்துக்கு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். கூடத்தில் இருந்த பையை அவரே எடுத்துப் பீரோவுக்குள் வைத்தார். ஆசிரியை என் காதருகே வந்து, கர்த்தர் காப்பாற்றினார் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தோழியின் வாழ்க்கை பிழைத்துக்கொண்டது, என் விளையாட்டும் ஜெயித்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தோழி பஸ் ஏற்றிவிட வந்தாள். ராஜபாளையம் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது கேட்டாள், “ஏட்டி, அவிய கதையாத்தான சொன்னாவ?”

“கதைதான். பின்ன?” என்றேன்.

“நீ ‘நான்’ போடச் சொன்னதுனாலதான சொன்னாவ?”

“ஆமா. விதி அப்படி.”

“அப்ப சரி” என்றாள். அவள் முகத்தில் சரி இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. நான் சன்னலோரம் உட்கார்ந்து, மாமியார் சொன்னதை முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முதலில் ‘அத்தக்காரி’ என்றுதான் சொன்னார். ஒரு மனுஷி தன் ரகசியத்தை வெளியே சொல்ல நினைத்தால் அப்படித்தான் தொடங்குவாள். கற்பனையாக ஒரு கதை சொல்ல நினைத்தாலும் அப்படித்தான் தொடங்குவாள். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருந்திருந்தால், அது அந்த முதல் வாக்கியத்தைத் தொந்தரவு செய்யாமல் விடுவதில்தான் இருந்திருக்கும். நான் அதைத் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் ஆசிரியையிடம் போனில் கேட்டேன். அவருக்குச் சந்தேகமே இல்லை. “கோவத்துல கட்டுன கதைம்மா. ‘நீ எனக்கு வச்ச, நான் உனக்கு வச்சேன்’னு ஒரு சமாதானம். எங்க கிளாஸ் பிள்ளைக தினமும் இப்படிக் கதை விடும்” என்றார். கேட்கும்போது அது சரியாக இருந்தது. போனை வைத்ததும் சரியாக இல்லை. ஊசியைப் பார்த்த அன்றைக்கு அந்த அம்மா ஏன் சத்தம் போடவில்லை? ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினார்? தானே ஒரு தடவை செய்து பார்த்தவர்தான் அடுத்தவரும் செய்வார் என்று உடனே நம்புவாரா? அல்லது நான்தான் என் விளையாட்டைப் போலவே எல்லாவற்றுக்கும் ஒரு ‘எதுக்காக’ தேடுகிறேனா? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டு வாசலை இடித்து நிலைப்படி வரைக்கும் கிரானைட் பதித்தார்கள். தோண்டிப் பார்க்கவும் வழியில்லை.

தீபாவளித் தையல் நெருக்கடியெல்லாம் முடிந்த பிறகு தோழி கூப்பிட்டாள். மாமியாருக்கு வயிற்று வலி குறைந்துவிட்டது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, தெருவில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால், “அந்தப் பிள்ளைக ஏன் வாரதில்ல, வரச் சொல்லு, வெளையாடுவோம்” என்று மாமியார் கேட்கிறாராம்.

“நல்லதுதான?” என்றேன்.

“நல்லதுதான். அவிய என் கையால நல்லா சாப்பிடுதாவ. எனக்குத்தான்…” என்று நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “எனக்கு இந்தத் தகடு, கழிப்பு எதுலயும் நம்பிக்க கிடையாதுட்டி. டாக்டர் காரணம் சொல்லிட்டாரு, ஸ்கேன் எல்லாம் இருக்கு. தகடு வேல செய்யாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அவிய அப்படி நெனச்சிருந்தா? அந்த நெனப்போடயே எனக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டிருந்தா? ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப அவியதான் கூட இருந்தாவ. தல தேச்சு விட்டாவ. அழுதாவ. அதுல எது நெசம்னு எனக்கு இப்பத் தெரிய மாட்டேங்கு.”

“நேராவே கேட்டிரேன்” என்றேன்.

“கேட்டேன். ‘வெளையாட்டுக்குச் சொன்னதப் போயி’ன்னு சிரிக்காவ. நீங்க மூணு பேரும் எனக்கு அத வெளையாட்டுன்னுதான சத்தியம் பண்ணீகன்னு கேக்காவ.”

தப்பு என்னுடையது, என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பின்னால் பாத்திரம் நகர்கிற சத்தமும் மாமியாரின் குரலும் கேட்டன. என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

“வையி, பொறவு பேசுதேன்” என்றாள் தோழி. “அவிய தோச ஊத்திட்டுக் கூப்பிடுதாவ. பக்கத்துலயே உக்காந்து நான் தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டு இருப்பாவ. போயித் திங்கணும்.”